நம்மைப் பார்த்து வரும்போது

என் மனைவி முதல்முறையாக மஸ்கட்டுக்குப் போனபோது, கோவையில் விமானம் மேலே ஏறியதும் ஜன்னலில் நெற்றியை ஒட்டி வைத்து எங்கள் மலையையும் அதில் எங்கள் வீட்டையும் தேடியிருக்கிறாள். மேகம்தான் இருந்திருக்கிறது. அங்கே போய் இறங்கிப் போன் செய்தபோது முதலில் சொன்னதே அதைத்தான். "மேல இருந்து நம்ம ஊட்டத் தேடுனனுங்க. ஒண்ணுமே தெரியல, ஒரே வெள்ளையா இருந்துச்சு." நான் பதிலுக்கு, சாப்பிட்டாயா என்று கேட்டேன். சொல்ல நினைப்பது வெளியே வராதபோது சாப்பாட்டைத் தவிர வேறெதையும் கேட்க எனக்கு வருவதில்லை.

அவள் நர்ஸ். ஊட்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டும் டோக்கன் கொடுத்துக்கொண்டும் இருந்தவளுக்கு மஸ்கட்டில் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை கிடைத்தது. சம்பளத்துக்காகப் போய்விட்டாள் என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். அது பாதி உண்மை. அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது என்பது மீதி. பிழைக்க மாட்டார் என்று எல்லோரும் கைவிட்ட ஒருவர் கண் திறந்து தண்ணீர் கேட்டதைச் சொல்லும்போது அவள் குரலே வேறாக இருக்கும். நான் பிக்கட்டிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரீஷியன். பறித்த இலையை வாட்டுவதற்கு ஆள் உயரக் காற்றாடிகள் ஓடும். அவற்றைக் கட்டி மேய்ப்பதுதான் என் பிழைப்பு. எங்களுக்குக் குழந்தை இல்லை. அதைப் பற்றி ஊர் வேண்டிய மட்டும் பேசிவிட்டதால் நான் பேசப் போவதில்லை.

போ என்று சொன்னவனும் நான்தான். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. சொல்லும்போதே எனக்குள் ஒன்றை முடிவு செய்துகொண்டேன்: எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்பதில்லை. கேட்டால் வந்துவிடுவாள். இந்த மனுஷன் தனியாகக் கிடந்து தவிக்கிறான் என்று பாவம் பார்த்து வருவாள். அப்படி வருகிறவளை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு என்னால் ஒரு வாய்க் காப்பிகூட நிம்மதியாகக் குடிக்க முடியாது. வந்தால் அவளாக வர வேண்டும். இதைப் பெரிய மனது என்று நினைத்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடந்தேன்.

எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. அங்கே போனில் சிக்னல் வராது. சரிவில் மேலே ஏறினால் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதன் மேல் மூடியில் உட்கார்ந்தால்தான் பேச முடியும். ஃபேக்டரி விட்டதும் நேராகத் தொட்டிக்குப் போய்விடுவேன். டியூட்டிக்கு நடுவில் அவளுக்கு ஓய்வு கிடைக்காத நாட்களில் போன் வராது; வராது என்று தெரிந்தும் போவேன். அப்படி ஒரு சாயங்காலம் போனை நோண்டிக்கொண்டிருந்தபோதுதான் அந்த வீடியோ வந்தது. கடற்கரையில் ஒருவர், தானே செய்த சின்ன விமானத்தைக் கையால் வீசுகிறார். அது கடலுக்கு மேல் போய் ஒரு வட்டம் அடித்துவிட்டு அவரிடமே திரும்பி வருகிறது. அது பறந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. திரும்பி வந்ததை மட்டும் ஓட்டி ஓட்டிப் பார்த்தேன்.

அதில் ஒரு சின்னக் கேமராவைக் கட்டினால் எங்கள் மலையை மேலே இருந்து படம் பிடிக்கலாம் என்று தோன்றியது. அன்றைக்கு மேகம் மறைத்த வீட்டை அவளுக்குக் காட்டிவிடலாம். காரணம் அவ்வளவுதான். ஃபேக்டரியில் கேட்டவர்களிடம், பொழுது போகவில்லை என்று சொல்லி வைத்தேன்.

முதல் விமானத்தை மீன் பெட்டியில் செய்தேன். மஞ்சூரில் மீன் கடைக்காரர் தூக்கி எறியும் தெர்மாகோல் பெட்டியை வாங்கி வந்து, கழுவி, வெயிலில் காய வைத்து, கத்தியைச் சூடாக்கி அறுத்தேன். என் மூக்குக்கு வாடை போய்விட்டது. காக்காய்க்குப் போகவில்லை. வாசலில் ஓரமாக வைத்துவிட்டு டீ போட உள்ளே போனேன். வந்து பார்த்தால் வாலை இரண்டு காக்காய்கள் பங்கு போட்டுக்கொண்டிருந்தன. ஆகாயத்துக்குப் போகும் முன்பே ஆகாயத்திலிருந்து ஆள் வந்து அதைக் காலி செய்துவிட்டது. அன்றைக்கு அவளிடம் சொன்னபோது, வார்டுக்கு வெளியே நின்று சத்தம் வராமல் சிரிக்க முயன்று தோற்றுப்போனாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னும் பத்து விமானம் உடைக்கலாம் என்றிருந்தது.

இரண்டாவதற்கு ஊட்டியில் பிளெக்ஸ் அடிக்கும் கடையில் மிச்சம் கிடந்த சன்போர்டை வாங்கினேன். கல்யாண வீட்டுக்கு அடித்துத் தப்பாகிப்போன அட்டை அது. வலது இறக்கைக்கு அடியில் யாரோ ஒரு மாப்பிள்ளையின் பாதி முகம் சிரித்துக்கொண்டிருக்கும். இறக்கை மடங்காமல் இருக்க உள்ளே ஒரு கம்பு வேண்டும். கொழுந்து பறிக்கிறவர்கள் செடியின் மேல் மட்டம் பார்க்க ஒரு நீளக் குச்சி வைத்திருப்பார்கள். அதில் ஒன்றைச் சீவி ஒட்டினேன். மோட்டார், பேட்டரி, கையில் பிடிக்கும் ரிமோட் எல்லாம் கூரியரில் வந்தன. கூரியர்காரர் எங்கள் பள்ளத்துக்கு வர மாட்டார். மஞ்சூரில் பேக்கரியில் கொடுத்துவிட்டுப் போவார். பேக்கரிக்காரர் ஒவ்வொரு பெட்டியையும் ஆட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன என்று ஒரு ஊகம் சொல்லிவிட்டுத்தான் தருவார்.

அளவெல்லாம் கடற்கரைக்காரர் சொன்ன அளவு. ஒரு நூல் கூடவோ குறையவோ இல்லை. தொட்டிக்குப் பக்கத்தில் நின்று வீசினேன். முக்கிக்கொண்டு கொஞ்ச தூரம் போய், மூக்கைக் கவிழ்த்துத் தேயிலைக்குள் விழுந்தது. ஒட்டி மறுபடி வீசினேன். மறுபடி விழுந்தது. ஒவ்வொரு முறையும் உடைந்த இடத்தில் டேப் சுற்றினேன். சுற்றச் சுற்ற இன்னும் சீக்கிரம் விழுந்தது. மோட்டார் விற்றவனைப் போனில் கூப்பிட்டு, மட்டமான சரக்கை என் தலையில் கட்டிவிட்டாய் என்று திட்டினேன். அவன் பொறுமையாக, அண்ணா, இதே மோட்டார் எல்லா இடத்திலும் பறக்கிறது என்றான். எனக்கு இன்னும் கோபம் வந்தது. மோட்டாரைப் பற்றி எனக்கே பாடம் எடுக்கிறான்.

அவளிடம் புலம்பித் தீர்த்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, அந்த வீடியோக்காரர் எந்த ஊர் என்று கேட்டாள். எந்த ஊரோ, கடற்கரையில்தான் நிற்கிறார் என்றேன்.

"அவரு ஊட்டுல குக்கர் இல்லாமயே பருப்பு வெந்துருமுங்க," என்றாள்.

மலையில் பிறந்து வளர்ந்தவன் நான். இங்கே காற்று மெலிசு என்பது தெரியாத ஆள் எங்கள் ஊரில் யாரும் கிடையாது. கீழே இருந்து வருகிற விருந்தாளி படியேறி மூச்சு வாங்கும்போது, இங்கே காற்று கம்மி, உட்காருங்கள் என்று பெருமையாகச் சொல்வோம். திறந்த பாத்திரத்தில் பருப்பை வேக வைக்க முயன்ற புதுப் பெண்ணைக் கேலி செய்வோம். ஆனால் அந்தக் காற்றில்தான் விமானம் மிதக்க வேண்டும் என்று வந்தபோது, நானே கடற்கரையில் நிற்கிற மாதிரி நினைத்து அளவெடுத்திருக்கிறேன். நாள் முழுவதும் காற்றாடியோடு குடும்பம் நடத்துகிறவன் செய்கிற காரியமா இது? டேப்பையெல்லாம் உரித்து எறிந்தேன். இறக்கையை நீட்டினேன். மோட்டாருக்கு அடுத்த அளவு காற்றாடியை வரவழைத்து மாட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வீசினேன். மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே ஏறிப் போனான்.

தொட்டிக்குக் கீழே உள்ள தேயிலைத் தோட்டம் ஒரு படுகர் இனப் பெரியவருடையது. அவர் முதலில் முறைத்தார். பிறகு ஒரு விதி போட்டார்: கொழுந்து பறித்து முடித்த பக்கத்தில் மட்டும்தான் இறக்க வேண்டும், பறிக்காத பக்கத்தில் விழுந்து ஒரு தளிர் ஒடிந்தாலும் தொட்டிப் பக்கமே வரக் கூடாது. அவர் பங்குக்கு அது நியாயம். பறித்து முடித்த செடிகளின் தலை மேசை போல் மட்டமாக இருக்கும். விமானம் அதன் மேல் சறுக்கி உட்கார்ந்தால் அடிபடாது. பறிப்பு ஒவ்வொரு பாத்தியாக நகர நகர, என் விமான நிலையமும் வாரத்துக்கு ஒரு பக்கம் நகர்ந்தது. வேலைக்கு வரும் பெண்கள் கூடையை மாட்டிக்கொண்டு போகும்போது, இன்றைக்கு எந்தப் பக்கம் இறக்கம் என்று கேட்டுக் கேலி செய்வார்கள்.

ஏற்றுவதும் இறக்குவதும்கூட வந்துவிட்டன. எனக்கு வராதது ஒன்றுதான். விமானம் என்னை விட்டுப் போகும்போது, ரிமோட்டில் உள்ள குச்சியை வலது பக்கம் தள்ளினால் வலது பக்கம் திரும்பும், இடது என்றால் இடது. சொன்ன பேச்சு கேட்கும். அதே விமானம் திரும்பி என்னைப் பார்த்து வரும்போது எல்லாம் மாறிவிடும். அதன் வலது, என் இடது. பதறிப்போய்ச் சரிசெய்யத் தள்ளுவேன். தள்ளியது தப்பான பக்கமாக இருக்கும். தோட்டத்தில் போய் மோதும். போகும்போது ஒருநாளும் நான் உடைத்ததில்லை. உடைந்ததெல்லாம் வரும்போதுதான். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ளு, தாழ்ந்த இறக்கைக்கு முட்டுக் கொடுக்கிற மாதிரி, என்று எங்கேயோ படித்தேன். அறிவுக்கு எட்டியது, விரலுக்கு எட்டவில்லை. ஒரு மழைக்காலம் முழுக்க வீட்டுக்குள் உட்கார்ந்து, சுவரைப் பார்த்துக்கொண்டு வெறும் குச்சியை ஆட்டிப் பழகினேன். பக்கத்து வீட்டில், தனியாக இருந்தால் இப்படித்தான் ஆகும் என்று பேசிக்கொண்டார்கள்.

மழை விட்டுப் பனிக்காலம் வந்ததும் கேமராவைக் கட்டினேன். தெளிந்த காலை அது. ஒரு துண்டு மேகம் இல்லை. இரண்டு சுற்று சுற்றி, பத்திரமாக இறக்கி, வீடியோவைப் போனில் போட்டுப் பார்த்தேன். பள்ளத்தில் எங்கள் ஓட்டு வீடு, துணி காயப் போட்ட கயிறு, ஃபேக்டரிப் புகைபோக்கி, எதிர்ச் சரிவு, அதற்கும் அப்பால் அணைத் தண்ணீர் ஒரு கீற்று. எல்லாம் இருந்தன. தொட்டி மேல் உட்கார்ந்து அதை அவளுக்கு அனுப்பினேன். போய்ச் சேர வெகு நேரம் ஆயிற்று.

சாயங்காலம் கூப்பிட்டாள். வீட்டைப் பார்த்துவிட்டதாகச் சொன்னாள். கயிற்றில் தொங்குவது அவளுடைய பழைய சால்வைதானே என்று கேட்டாள். ஆமாம் என்றேன், குளிருக்கு நான்தான் போர்த்திக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை. பிறகு கேட்டாள்:

"அங்க தொட்டி மேல தனியா நிக்கறது யாருங்க?"

நான் அந்த ஆளைக் கவனித்திருக்கவே இல்லை. மலையையும் வீட்டையும்தான் பார்த்தேன். போனைக் காதிலிருந்து எடுத்து வீடியோவை ஓட்டிப் பார்த்தால், பச்சைக்கு நடுவில் ஒரு புள்ளி. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்கிற ஒரு மனிதப் புள்ளி. நான்தான், வேறு யார் என்றேன். அவள் ஓ என்றாள். வேறு ஏதோ சொல்ல வந்தவள் மாதிரி இருந்தது. நான் சாப்பிட்டாயா என்று கேட்டேன். வார்டில் கூப்பிடுகிறார்கள் என்று வைத்துவிட்டாள்.

வைகாசியில் ஒரு மாத லீவில் வந்தாள். அவளுடைய கான்ட்ராக்ட் அந்த வருடத்தோடு முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருப்பதா, முடித்துக்கொண்டு ஊருக்கு வந்துவிடுவதா என்று லீவுக்குள் அவள் பதில் சொல்ல வேண்டும். அதை வருவதற்கு முன்பே சொல்லியிருந்தாள். உன் இஷ்டம் என்று நானும் சொல்லியிருந்தேன். சொன்ன நாளிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது. அவள் அங்கே முடித்துக்கொள்ள வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறெதுவும் வேண்டாம்.

கோவையில் போய்க் கூட்டிவந்தேன். பஸ் வளைவுகளில் ஏற ஏற என் தோளில் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டே வந்தாள். அந்தப் பயணம் முடியாமலே இருந்திருக்கலாம். வீட்டுக்கு வந்த மறுநாளே சண்டை. சோப்புப் பெட்டியை ஏன் ஜன்னலில் வைத்திருக்கிறீர்கள் என்று ஆரம்பித்தது. போனில் இத்தனை காலம் எங்களுக்குள் ஒரு சண்டை வந்ததில்லை. நேரில் சோப்புக்கும், கதவுத் தாழ்ப்பாளுக்கும், நான் தட்டில் போடாமல் குக்கரோடு வைத்துச் சாப்பிடுவதற்கும் சண்டை. நைட் டியூட்டி பார்த்துப் பழகிய அவளுக்குத் தூக்கம் வேறு நேரத்தில் வந்தது. நான் தனியாக இருந்தபோது செய்து வைத்த ஏற்பாடுகள் எல்லாவற்றையும் அவள் கலைத்தாள். கலைக்கக் கலைக்க எனக்கு எரிச்சல். எரிச்சல் பட்டதற்காக ராத்திரி முழுக்க வருத்தம். சமாதானமாக ஏதாவது சொல்வேன், அது தப்பான பக்கம் போய் முட்டும். விமானத்தோடு ஒப்பிடக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் அந்த ஒரு மாதமும் எனக்குத் தோன்றியது அதுதான். தூரத்தில் இருந்தவரைக்கும் அவளோடு பழகத் தெரிந்திருந்தது. என்னைப் பார்த்து வந்ததும் என் கைக்கு எல்லாம் இடம் மாறிவிட்டது.

சாயங்காலங்களில் மட்டும் சண்டை இல்லை. தொட்டிக்குப் போவோம். ரிமோட்டை அவள் கையில் கொடுத்தேன். நடுங்குகிற நரம்பைத் தேடி ஊசி ஏற்றிப் பழகிய விரல்கள். குச்சியை அவள் தள்ளவே இல்லை, தொட்டாள் அவ்வளவுதான். நான் ஒரு மழைக்காலம் சுவரைப் பார்த்துப் படித்த பாடத்தை அவள் இரண்டு சாயங்காலத்தில் முடித்துவிட்டாள். விமானம் எங்களைப் பார்த்து வரும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். அவள் ஏதோ பழைய கதை பேசிக்கொண்டே அதை இறக்குவாள். கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது. பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டு, இனிமேல் இந்த அக்காவே ஓட்டட்டும் என்று தீர்ப்புச் சொன்னார்கள்.

லீவு முடிய ஒரு வாரம் இருக்கும். அவள் ஓட்டிக்கொண்டிருந்தபோது பள்ளத்திலிருந்து பனிமூட்டம் ஏறி வந்தது. எங்கள் பக்கம் அது சொல்லிக்கொண்டு வராது. எதிர்ச் சரிவு போயிற்று, ஃபேக்டரி போயிற்று, விமானமும் போயிற்று. சத்தம் மட்டும் கேட்டது. நான் பதறினேன். அவள் மோட்டாரை அணைத்துவிட்டுக் குச்சியை விட்டு விரலை எடுத்துவிட்டாள். காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். கீழே, பறித்த பக்கத்தில், செடி மேல் அது சறுக்கி உட்காரும் சத்தம் வந்தது. எடுக்க இறங்கினோம். பாதி தூரத்தில் அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

காட்டெருமைகள். பனிக்குள் கறுப்பாக நாலைந்து முதுகுகள். ஒன்றோடு கன்று இருந்தது. விமானம் அவற்றுக்கு நடுவில் ஒரு செடியின் தலையில் உட்கார்ந்திருந்தது. மாப்பிள்ளையின் முகம் எங்கள் பக்கமாகத் தெரிந்தது.

இந்த மாதிரி நேரத்தில் என்ன செய்ய வேண்டும் என்பது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கத்தக் கூடாது, கல்லெறியக் கூடாது, ஓடக் கூடாது. அவை போகும்வரை காத்திருக்க வேண்டும். ஃபேக்டரிக்குப் போகிற வழியில் நின்றால் ஃபேக்டரியே கொஞ்சம் தாமதமாகத்தான் ஆரம்பிக்கும். திரும்பாமல் பின்னுக்கே அடி வைத்து நடந்து தொட்டிக்கு வந்து மேலே ஏறி உட்கார்ந்தோம். கீழே ஒன்று படுத்து அசைபோட ஆரம்பித்தது. இப்போதைக்குப் போகாது என்று தெரிந்துவிட்டது. அவள் வந்த நாளிலிருந்து ஒரு வேலையும் இல்லாமல், எழுந்து போக வழியும் இல்லாமல், இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. குளிர்ந்தது. சால்வையை இரண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்தினாள்.

"காலைல அவங்களுக்கு எழுதிட்டனுங்க," என்றாள். "இன்னும் ரெண்டு வருசத்துக்கு."

நான் காட்டெருமைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, உன் இஷ்டம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குப் பழகிய வாய். வேறொன்று வந்தது.

"எனக்கு நீ இங்க இருக்கோணும்," என்றேன். "தெனமும் இந்தத் தொட்டி மேல உக்காந்துட்டு அதத்தான் நெனச்சுட்டு இருக்கறன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமா வேறெதுவுமா என்று அந்த மங்கலில் கண்டுபிடிக்க முடியவில்லை. இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டாள். என் பெரிய மனதைப் பற்றிச் சொன்னேன்: கேட்டால் பாவம் பார்த்து வந்துவிடுவாய் என்றுதான் கேட்கவில்லை என்றேன். சொல்லும்போதே அது பெரிதாக இல்லை.

"பாவம் பாத்து வருவனோ, ஆசப்பட்டு வருவனோ, அத நான்தானுங்க முடிவு பண்ணோணும்," என்றாள். கீழே கன்று எழுந்து தாயின் மடியை முட்டியது. அதைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினாள். "கேட்டிருந்தா வந்திருப்பனான்னு எனக்கே தெரியலீங்க. அங்கயும் எனக்குப் பிடிச்சுத்தான் இருக்குது. ஆனா ஒவ்வொரு நாளும் இன்னிக்குக் கேப்பாருன்னு நெனப்பேன். நீங்க சாப்ட்டியான்னு கேட்டுட்டு வெச்சுருவீங்க. நீங்க தனியா இருந்து பழகிட்டீங்க, நான் வந்தாத் தொந்தரவுதான்னு நெனச்சுட்டன். இந்த மாசம் வந்து பாத்தா அப்படித்தான் இருந்துச்சு."

இல்லை என்றேன். இல்லை, இல்லை என்று இரண்டு மூன்று முறை சொன்னேன். அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எழுதியதை மாற்றி எழுத முடியுமா என்று நான் கேட்கவில்லை; முடியும் என்று அவளும் சொல்லவில்லை. சொன்ன சொல்லை மாற்றுகிற ஆள் இல்லை அவள். அங்கே அவளை நம்பிப் படுத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? அழுகைதான் வந்தது. அழுதேன். அவளும் அழுதாள். காட்டெருமைகள் எங்கள் வசதிக்காகவே என்பது மாதிரி அங்கேயே இருந்தன.

பனி விலகிய பிறகு அவை வரிசையாகச் சோலைக்குள் போயின. விமானத்தின் வாலைக் கன்று மிதித்திருந்தது. இறக்கை நனைந்து கனத்திருந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுவந்தோம். மிச்சமிருந்த நாட்களில் ஒரு சண்டையும் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் போய் நாளாகிவிட்டது. வாலை மாற்றிவிட்டேன், தெளிந்த காலைகளில் பறக்கவிடுகிறேன். சாயங்காலம் தொட்டி மேல் உட்கார்ந்து, எப்போது வருகிறாய் என்று அவளிடம் கேட்கிறேன். வெட்கமே இல்லாமல், தினமும், போனை வைக்கும் முன்பு. அவள் ஒருநாளும் தேதி சொன்னதில்லை. பார்க்கலாம் என்பாள், இல்லையென்றால் சிரிப்பாள். நான் வைத்துவிடுவேன்.

போன வாரம் ஃபேக்டரியில் ஒரு மோட்டார் புகைந்துவிட்டது. அதைப் பிரித்துப் போட்டுவிட்டு, இலை கெட்டுவிடக் கூடாதே என்ற கவலையோடு தொட்டிக்கு வந்தேன். புகைந்த மோட்டாரைப் பற்றியே பேசினேன். உடனே திரும்பிப் போக வேண்டும் என்று சொல்லி, சாப்பிட்டாயா என்றும் கேட்டுவிட்டுப் போனை வைக்கப் போனேன். எப்போதும் அவளும் சரி என்று வைத்துவிடுவாள். அன்றைக்கு வைக்கவில்லை. லைனில் வார்டின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"ஏனுங்க," என்றாள், "இன்னிக்கு நீங்க கேக்கலையே?"